மூன்றரைச் சாண் உயரம்

சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். என்னோடு இறங்கிய சீனப் பாட்டி இன்னும் பாதித் தூரம்கூட வரவில்லை. நான்கு சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டி, அதில் ஒரு கட்டுக் கீரை, வண்டியைப் பிடித்தபடி ஓர் அடி, நின்று, மறுபடி ஓர் அடி. எனக்குத்தான் பதற்றம். ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வரலாமா என்று யோசித்தேன். பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கார்கள் காத்திருந்தன. விளக்கில் பச்சை மனிதனும் காத்திருந்தான். பாட்டி இந்தக் கரையில் கால் வைத்த பிறகும் சில நொடிகள் மிச்சம் இருந்தன.

"கார்டு தட்டியிருப்பாங்க, பார்க்கலையா?" என்றான் என் அத்தை மகன். விளக்குக் கம்பத்தில் ஒரு சிறிய பெட்டி. அறுபது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் சலுகைப் பயண அட்டையை அதில் தொட்டால், பச்சை விளக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எரியும். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 நொடி முதல் 13 நொடி வரை. 'கிரீன் மேன் பிளஸ்' என்று பெயர். 2009-லேயே தொடங்கிவிட்டார்களாம்.

சிங்கப்பூருக்கு இது எனக்கு மூன்றாவது பயணம். முந்தைய இரண்டு முறையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். இந்த முறை அந்தப் பாட்டியின் காலைப் பார்த்ததோடு சரி, அதன்பின் கண் தரையை விட்டு மேலே எழவில்லை. ஒரு நகரம் ஒரு கிழவிக்காகப் பதின்மூன்று நொடி நிற்கிறது என்றால், அதற்கு முன் யாரோ ஒருவர் ஓரத்தில் நின்று, அவர் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணியிருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவரின் வேலைதான் என்னை ஆச்சரியப்படுத்தியது.

"இதுக்கே இப்படின்னா உங்களை அட்மிரல்டி கூட்டிட்டுப் போகணும்" என்றான் அத்தை மகன்.

அட்மிரல்டி தீவின் வடக்கு விளிம்பில், உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. கொஞ்சம் தாண்டினால் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் மலேசியா. முதியவர்களுக்காகக் கட்டிய இடம் என்று சொல்லியிருந்ததால், மனதில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன்: ஊருக்கு வெளியே சுற்றுச்சுவர், உள்ளே வேப்பமர நிழல், வெளிர்நிறச் சுவர்கள், "அமைதி காக்கவும்" என்ற பலகை.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் காதில் விழுந்தது ஒலிபெருக்கிப் பாட்டு. நிலையத்தை ஒட்டியே கட்டடம். சுற்றுச்சுவரும் இல்லை, வாயிற்காவலரும் இல்லை. தரைத்தளம் முழுக்க ஒரு பெரிய திறந்த மண்டபம், நாலாபக்கமும் காற்று வரும்படி. மேலே மாடிகள் கூரையாக நிற்பதால் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. நடுவில் இருபது முப்பது பெண்கள் பாட்டுக்கு ஏற்ப வரிசையாகக் காலை மாற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடையே புகுந்து பள்ளிப் பையன்கள் ரயிலுக்கு ஓடினார்கள். ஓரத்தில் மளிகைப் பையோடு ஒரு மலாய்த் தாத்தா, ஆட்டத்தைப் பார்க்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இதா முதியோர் இல்லம்?" என்றேன்.

"இல்லம்னு யார் சொன்னது? இது கம்போங்."

கம்போங் என்றால் மலாயில் கிராமம். அங்குள்ள தமிழர் வாயில் அது கம்பம் ஆகிவிட்டது. 'கம்போங் அட்மிரல்டி' என்பது இந்தக் கட்டடத்தின் பெயர். பெயரின் பின்பாதி பிரிட்டிஷ் கடற்படையின் மிச்சம்: பக்கத்துச் செம்பவாங்கில் 1938-ல் திறந்த கடற்படைத் தளம் இருந்தது. மலையாளிகளும் தமிழர்களும் அங்கே ஏராளமாக வேலை பார்த்தார்கள். முன்பாதியோ, சிங்கப்பூர் தானே இடித்துவிட்டு இப்போது தேடிக்கொண்டிருக்கும் ஒன்று.

கட்டடத்தைக் கட்டியது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அங்குள்ளவர்கள் வாயில் 'வீவக'. வடிவமைத்தது வோஹா என்ற சிங்கப்பூர் நிறுவனம். 2018-ல் முறைப்படி திறந்தார்கள். அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது இதற்குத்தான் கிடைத்தது. அப்படிப்பட்ட விருது வாங்கிய கட்டடம் கண்ணைப் பறிக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இருந்த இடம் 0.9 ஹெக்டேர், இரண்டேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. உயரமும் 45 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதற்குள் சந்தை, மருத்துவமனை, பூங்கா, வீடு எல்லாம் வேண்டும். பக்கம் பக்கமாக வைக்க இடமில்லை என்பதால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கட்டடக்கலைஞர்கள் இதை 'கிளப் சாண்ட்விச்' என்கிறார்கள். எனக்கு நம் டிபன் கேரியர்தான் ஞாபகம் வந்தது. அடித்தட்டில் மண்டபமும் கடைகளும். அதற்கு மேல் உணவங்காடி நிலையம், 900 பேர் உட்காரலாம். அதற்கும் மேல் மருத்துவ நிலையம்: சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாம், அன்றே வீடு திரும்பும் சிறு அறுவை சிகிச்சைகளும் செய்துகொள்ளலாம். மேல்தட்டில் படிப்படியாக இறங்கும் தோட்டம். தோட்டத்தை ஒட்டி இரண்டு பதினொரு மாடி புளோக்குகளில் 104 வீடுகள்.

இந்த அடுக்கின் அருமை அடுக்கியதில் இல்லை, எதை எதோடு சேர்த்து அடுக்கினார்கள் என்பதில் இருக்கிறது. குழந்தைகள் காப்பகமும் முதியவர்கள் பகலில் கூடும் துடிப்பான மூப்படைதல் நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. தாத்தா பேரனைக் கொண்டுவிட்டு அப்படியே பக்கத்து வாசலில் நுழைகிறார். சேர்த்து வைத்தால் மட்டும் பழகிவிடுவார்களா என்பது வேறு கேள்வி. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதால் இந்தப் பக்கம் நாலு கிழவிகள் தலையைத் தூக்கிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். நான் பார்த்தேன்.

உணவங்காடியில் இடம் தேடியபோதுதான் அவரைச் சந்தித்தோம். "உட்காருங்க தம்பி, இங்கே ஆள் இல்லே" என்று தமிழில் குரல் வந்தது. எழுபத்தைந்து வயதிருக்கும். முன்னால் கோப்பி ஓ கொசோங்: பால் இல்லை, சீனியும் இல்லை. "சீனி எல்லாம் உடம்புக்குள்ளேயே இருக்கு" என்று சிரித்தார். மேலே குடியிருக்கிறாராம்.

அவருடைய அப்பா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். இவர் பிறந்தது அத்தாப்பு ஓலை வேய்ந்த கம்பத்து வீட்டில். கல்யாணம் ஆனதும் புளோக்குக்கு மாறினார்கள். இது அவர் ஒருவரின் கதை இல்லை. வீவக 1960-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டு புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீப்பற்றி எரிந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அதன்பின் அடுக்குமாடி வீடு கட்டும் வேகம் பல மடங்கானது. கம்பங்களிலிருந்தும் கடைவீடுகளிலிருந்தும் மாடிக்குப் போனவர்களில் பலர் இளைஞர்கள். இன்று நாட்டு மக்களில் பத்தில் எட்டுப் பேர் இருப்பது வீவக வீட்டில்தான். அன்று ஏறியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. 2030-ல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்பது அரசின் கணக்கு.

"அப்போ எங்க புளோக்கிலே லிஃப்ட் எல்லா மாடியிலும் நிக்காது, தெரியுமா? ஐந்திலே இறங்கி ரெண்டு மாடி நடக்கணும். இருபத்தஞ்சு வயசிலே அது ஒரு படியா? ரெண்டு ரெண்டா தாவுவேன். அறுபதிலே அந்த ரெண்டு மாடியும் முருகன் மலை ஆயிடுச்சு."

சிக்கனத்துக்காகப் பழைய புளோக்குகளை அப்படித்தான் கட்டியிருந்தார்கள். கட்டியவர்களும் இளைஞர்கள், குடிவந்தவர்களும் இளைஞர்கள். முழங்கால் என்று ஒன்று இருப்பது யாருக்கும் நினைவில்லை. பிறகு 2001-லிருந்து ஒவ்வொரு புளோக்காகப் போய், லிஃப்ட் எல்லாத் தளத்திலும் நிற்கும்படி மாற்றினார்கள். சில புளோக்குகளுக்கு வெளியே தனியாக ஒரு லிஃப்ட் கோபுரமே ஒட்டவைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம், பழைய சட்டைக்கு வைத்த புதுப் பை மாதிரி. சிங்கப்பூர் எல்லாவற்றையும் முதலிலேயே யோசித்துவிடும் என்று நாம் ஒரு பிரமையில் இருக்கிறோம். அங்கேயும் முதலில் யோசிக்கவில்லை. தப்பு செய்துவிட்டுத் திரும்பி வந்து அளந்தார்கள்.

கோப்பி முடிந்ததும் தட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய் வைத்தார். "வீட்டைப் பார்க்கணுமா? வாங்க, வீட்டம்மா இருக்காங்க" என்றார்.

லிஃப்டிலிருந்து இறங்கினால் அவர் வாசலுக்கு அருகே ஒரு பெஞ்சு. பக்கத்து வீட்டு வாசலும் அதே இடத்தில் திறக்கிறது. 'பட்டி பெஞ்சு' என்கிறார்கள், தோழமை பெஞ்சு. திண்ணை என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் திண்ணை தெருவைப் பார்த்திருக்கும். வழிப்போக்கன்கூட அதில் தலை சாய்ப்பான். இது இரண்டு வீட்டாருக்கு மட்டும். தெரு கீழே ஐம்பது அடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எஞ்சியிருப்பது ஒரு பக்கத்து வீடு. அந்த ஒன்றையாவது தவறவிடக்கூடாது என்று போட்ட பெஞ்சு இது. பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் காலையில் அங்கே உட்கார்ந்து மருந்து மாத்திரை பிரிப்பாராம். "அது உட்காரலேன்னா நான் கதவைத் தட்டுவேன். நான் உட்காரலேன்னா அது தட்டும். ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குத் தெரியாது" என்றார்.

வீடு சிறியது. இந்த 104 வீடுகளும் 36 அல்லது 45 சதுர மீட்டர்தான், ஏறத்தாழ நானூறு, ஐந்நூறு சதுர அடி. அவருடையது சிறிய வகை. படுக்கையும் கூடமும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. சுவரில் முருகன் படம், பேரன்களின் பட்டமளிப்புப் படம். அந்த அம்மா வரவேற்று, தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்னார். நான் உட்காராமல் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்ததை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தானாம்.

முதலில் கண்ணில் பட்டது, இல்லாத ஒன்று. வாசற்படி இல்லை. நடையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து குளியலறைக்கும் கால் எதிலும் தடுக்கவில்லை. நம் வீடுகளில் தண்ணீர் வெளியே வராமலிருக்க இரண்டு அங்குலத் தடுப்பு ஒன்று கட்டுவோமே, அது இல்லை. தரையைச் சற்றே சாய்த்துத் தண்ணீரை வழிநடத்தியிருந்தார்கள். கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலம். ஓடுகள் ஈரத்திலும் வழுக்காதவை. சுவரில் கைப்பிடிக் கம்பிகள்: கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். கைக்குச் சரியான தடிமன், சுவரை விட்டு விரல் நுழையும் அளவு இடைவெளி. ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் தொங்கவிட்டாலும் அசையாத பிடிமானம். துண்டு காயப்போடும் கம்பிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

"இது புது வீடு, அதனால உள்ளேயே வெச்சுட்டாங்க. பழைய புளோக்கிலே இருக்கிறவங்களுக்கு வந்து வெச்சுக் கொடுக்கிறாங்க" என்றார் அந்த அம்மா. அவர் சொன்ன திட்டத்தின் சுருக்கப் பெயர் 'ஈஸ்'. 2012-ல் வந்தது. வீட்டில் 65 வயதானவர் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். குளியலறைத் தரையை வழுக்காமல் செய்வார்கள், கம்பி பொருத்துவார்கள், படி இருந்தால் சிறு சரிவு போடுவார்கள். செலவில் 95 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. விருது கட்டடத்துக்குக் கிடைத்தது. ஆனால் பெரிய காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. 104 வீடுகளில் எத்தனை முதியவர்கள் குடியிருக்க முடியும்? மற்றவர்கள் எல்லாரும் பழைய வீட்டில்தானே இருக்கிறார்கள்? அவர்களைப் புது இடத்துக்குப் பெயர்க்காமல், இருக்கும் இடத்திலேயே ஒரு கம்பியைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு விழாவும் கிடையாது, விருதும் கிடையாது.

வீட்டின் விலையைப் பற்றிப் பேச்சு வந்தது. சிங்கப்பூரில் வீவக வீடு வழக்கமாக 99 ஆண்டுக் குத்தகை. முதியவர்களுக்கான இந்த வீடுகளோ 30 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டவை. அதன்பின் வந்த முறையில் 55 வயதைத் தாண்டியவர்கள் 15 ஆண்டு முதல் 45 ஆண்டு வரை, ஐந்தைந்து ஆண்டாகத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். குத்தகை குறைந்தால் விலையும் குறைவு. அதில் ஒரு நிபந்தனை: கணவன், மனைவி இருவருக்கும் 95 வயது ஆகும்வரையாவது குத்தகை இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பதா கலங்குவதா என்று தெரியவில்லை. ஒரு படிவத்தை எதிரில் வைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன் என்று யோசித்துக் கட்டம் போடுவது எப்படி இருக்கும்? பெரியவர் என் முகத்தைப் படித்துவிட்டார். "எமனுக்கே தெரியாத கணக்கு வீவகவுக்குத் தெரியும் தம்பி. தொண்ணூத்தஞ்சு வரைக்கும் உன்னை விட மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கான்" என்றார்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட முடியாது. இந்த வீடுகளுக்குக் குலுக்கல், கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தனியாக வாழும் முதியவர்களின் எண்ணிக்கை அங்கே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பெஞ்சு போடலாம், அதில் உட்கார வைக்க யாராலும் முடியாது. கீழே மண்டபத்தில் ஆடிய முப்பது பேரைப் பார்த்த கண்ணுக்கு, மாடியில் மூடியே இருந்த கதவுகளும் தெரிந்தன. உடம்பு மேலும் தளர்ந்தவர்களுக்கு இந்த வீடு போதாது என்று புரிந்துகொண்டு, புக்கிட் பாத்தோக்கில் 2021-ல் இன்னொரு வகை வீட்டை விற்பனைக்கு விட்டார்கள். 32 சதுர மீட்டர். வீட்டோடு சேர்த்தே பராமரிப்புச் சேவையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் எல்லாரும் கூடி உட்காரப் பொது இடம் உண்டு. ஒன்றைச் செய்து, அதில் எது இடிக்கிறது என்று பார்த்து, அடுத்ததைச் செய்கிறார்கள்.

சாயங்காலம் பெரியவர் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். மாடிமீது மண் கொட்டி மரம் வளர்த்திருக்கிறார்கள். ஒரு மூலையில் குடியிருப்பாளர்கள் பார்த்துக்கொள்ளும் பாத்திகள். கீழேயிருந்து பாட்டுச் சத்தம், பாத்திரச் சத்தம், ரயில் வந்து நிற்கும் சத்தம் எல்லாம் ஏறி வந்தது. இந்த வயதில் இவ்வளவு சத்தம் தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன்.

"சத்தம் இல்லாத இடத்துக்குப் போறதுக்குத்தான் இன்னும் நாள் இருக்கே!"

ஊருக்கு வெளியே வேப்பமர நிழலில் நான் வரைந்து வைத்திருந்த படம் அந்த இடத்தில் கிழிந்தது. முதியவர்களுக்கு அமைதி வேண்டும் என்று யார் முடிவு செய்தது? அவர்களைக் கேட்டோமா?

விடைபெறும் முன் தயங்கித் தயங்கி, குளியலறையை இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்டேன். தரையிலிருந்து கம்பி வரை கையால் அளந்தேன். மூன்றரைச் சாண். கையிலிருந்த ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். ஊருக்குப் போனதும் அம்மாவின் குளியலறையில் இதே உயரத்தில் ஒன்று அடித்துவிட வேண்டும். பயணத்திலிருந்து கோடாலித் தைலம்தான் வழக்கமாகக் கொண்டுபோவேன். இந்த முறை இது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, "உங்க சாணை வெச்சு எதுக்கு அளக்கிறீங்க? உங்க அம்மா என்ன உயரம்? வலது கையை ஊன்றி எழுந்திருப்பாங்களா, இடது கையா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எண்பத்தொரு வயது அம்மா. ஒரே வீட்டில் ஐம்பத்தேழு வருஷம்.

கீழே மண்டபத்துக்கு வந்து, ஆட்டக்காரர்களுக்குப் பக்கத்தில் ஓர் இருக்கையில் உட்கார்ந்து, ஊருக்குப் போன் போட்டேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம். சாப்பிட்டாயா, வெயில் எப்படி, எப்போது திரும்பி வருகிறாய் என்று அம்மா கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அம்மா, பாத்ரூம்ல எழுந்திரிக்கும்போது எதைப் புடிச்சுக்குவே?"

"குழாயைத்தான். அது ஆடிக்கிட்டுக் கிடக்கு, ரெண்டு வருஷமா. ஏன்டா, இப்போ என்ன திடீர்னு?"